நிலைக்காலில் பதினெட்டுக் கோடுகள்

ஃப்ளாத்தன் இல்லம்
ஜனவரி 14

அன்புள்ள தூருன்,

நான் சுகம். வீட்டுக்குத்தான் சுகமில்லை. வடக்குச் சுவரின் அடிமரத்தில் ஈரம் இருபத்தாறு சதவிகிதம். இருபதைத் தாண்டினாலே பூஞ்சை வந்துவிடும். நீயும் நம் குட்டி தீரிலும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் இருமல் நின்றதா?

போனில் நீ ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் திருத்துகிறேன், அதனால் எழுது என்றாய். எழுதுகிறேன். எனக்கு அறிக்கை எழுதத்தான் தெரியும், கடிதம் எழுதத் தெரியாது. பொறுத்துக்கொள்.

உன் கேள்வியை மறக்கவில்லை. நீங்கள் இருக்கும் த்ரொம்சோவில், நகராட்சியின் கட்டடப் பிரிவில் எனக்கு வேலை தயாராக இருக்கிறது. மார்ச் பதினைந்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். வருகிறாயா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல், இனி கேட்கமாட்டேன் என்றாய். உடனே சொல்ல முடியவில்லை. ஆறு மாதம் ஓர் ஊர், எட்டு மாதம் இன்னோர் ஊர் என்று பழைய வீடுகளைச் சோதித்து அறிக்கை எழுதும் ஒப்பந்த வேலைக்குப் பழகிவிட்டேன். வீட்டில் ஒரு வாரம் தாண்டினால் கதவு உரசுகிறது, குழாய் சொட்டுகிறது, நீ பால் வாங்கிய கடை தப்பு என்று ஆரம்பித்துவிடுகிறேன் என்று நீ சொன்னது உண்மைதான். அந்த ஆளை உங்கள் இருவர் நடுவில் கொண்டுவந்து நிரந்தரமாக நிறுத்துவதா என்பதுதான் என் யோசனை. கிறிஸ்துமஸுக்கு வராததற்குக் காரணம் வேறு. குளிர் உச்சத்தில் இருக்கும்போது சுவரை அளந்தாக வேண்டும். அதை நீ நம்பவில்லை என்று தெரியும்.

இனி வீட்டைப் பற்றி. எம்ப்ரிக் ஃப்ளாத்தன் என்ற வாத்தியார் 1880இல் கட்டியது. அவர் எழுதிய கணக்குப் புத்தகத்தை அறுபது வருடம் நாட்டுப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் படித்தார்கள். இப்போது எந்தப் பள்ளியிலும் இல்லை, இந்தப் பள்ளத்தாக்கு மட்டும் அதை விடவில்லை. புத்தகம் முழுக்க ஒரே குடும்பம்: அப்பா, அம்மா, ரங்னா, க்னூத், சின்ன பிர்கித். அம்மா தட்டை ரொட்டியை ஐந்தாகப் பிரிப்பாள். அப்பா விறகு அடுக்குவார். க்னூத் பந்தடித்து சன்னலை உடைப்பான். முன்பக்கம் நான்கு சன்னல், ஒவ்வொன்றிலும் ஆறு கண்ணாடி, ஒன்று உடைந்தது, மீதி எத்தனை? மளிகைக் கடையில் நான் சும்மா இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். கல்லாவில் இருந்த பெண் தலை நிமிராமலே "இருபத்து மூணு. பை வேணுமா?" என்றாள்.

அந்தக் குடும்பம் ஃப்ளாத்தனின் சொந்தக் குடும்பம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலி, ஐந்து தட்டு, மாடியில் மூன்று சிறிய கட்டில். கோடையில் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். குளிர்காலத்தில் யாரும் வருவதில்லை. நான் பின்பக்க அறையில் தங்கிக்கொண்டு, ஐந்து தட்டு வைத்த மேசையைத் தாண்டிப் போய், சமையலறையில் நின்றபடி சாப்பிடுகிறேன். அந்த நாற்காலிகளில் உட்காரக்கூடாது என்பது விதி. விதியைப் போட்டது நான்தான்.

என்னோடு பேசும் ஒரே ஆள் குன்வோர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், அறுபத்திரண்டு வயது, இந்த வீட்டைப் பராமரிக்கும் சங்கத்தின் தலைவி. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு டப்பாவில் வாஃபிளும் பழுப்புச் சீஸும் கொண்டுவருவாள். நான் சுவரில் ஈரமானி குத்துவதைப் பார்த்துவிட்டு, "இன்ஜினியரே, வீட்டுக்கு ஊசி போடறீங்களே, அது அழுவுதா?" என்று கேட்டாள்.

பதில் யோசித்து எழுதுகிறேன். தீரிலுக்கு என் முத்தம்.

உன்,
சிக்வே

*

ஃப்ளாத்தன் இல்லம்
ஜனவரி 29

அன்புள்ள தூருன்,

இரண்டு மாத இருட்டுக்குப் பின் அங்கே சூரியன் திரும்பிய நாளுக்குத் தீரில் வரைந்து அனுப்பிய படம் வந்தது. மஞ்சள் வட்டம், பக்கத்தில் நீ, அவள், கையில் அந்த நாளுக்கென்று சாப்பிடும் பன். நான் எங்கே என்று தேடினேன். மூலையில் சின்னதாக ஒரு பெட்டி இருக்கிறது. அது நான் இருக்கும் வீடா, இல்லை வேறு ஏதாவதா என்று அவளிடம் கேட்டுச் சொல். இங்கே சூரியன் இன்னும் மலைமுகட்டைத் தாண்டவில்லை. பகல் முழுக்க எதிர்ச்சரிவில் மட்டும் வெயில். பார்த்துக்கொண்டே இருக்கலாம், இந்தப் பக்கம் வராது.

இந்த வீட்டில் ஏதோ பொய் இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான்காவது சன்னல். மற்ற மூன்றின் சட்டமும் கையால் இழைத்தது, ஆணி பழைய சதுர ஆணி. நான்காவது இயந்திரத்தில் அறுத்த மரம், கம்பி ஆணி. 1880இல் இந்தப் பள்ளத்தாக்கில் அந்த மரமும் இல்லை, அந்த ஆணியும் இல்லை. குன்வோரிடம் கேட்டேன். மறைப்பாள் என்று நினைத்தேன். அவளோ பெருமையாகச் சொன்னாள். வாத்தியார் செத்தபிறகு சாலை போடும் ஆட்கள் பின்னறையில் கருவிகளைப் போட்டு வைத்திருந்தார்கள், பிறகு சும்மா கிடந்தது. 1957இல் ஊர் மொத்தமும் சுத்தியலும் ரம்பமுமாகத் திரண்டு வந்து கூலி வாங்காமல் டுக்னாட் நடத்தி வீட்டை மீட்டார்கள். முன்னின்று நடத்தியவர் அவள் அப்பா.

"புத்தகத்துல நாலு சன்னல்னு போட்டிருக்கு, வீட்ல பாத்தா மூணுதான் இருந்துச்சு. வீடு தப்பா இருக்குன்னு அப்பாவுக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னிக்கே ஒண்ணு வெட்டிட்டாரு" என்றாள்.

நான் சிரிக்கவில்லை, சத்தியமாக. புத்தகத்தைத்தான் சாமான் பட்டியலாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து தட்டு என்று கணக்கில் இருக்கிறதா, ஐந்து வீட்டிலிருந்து ஒவ்வொரு தட்டு வந்தது. கட்டில்கள் அப்படித்தான். ஐந்தாவது நாற்காலி குன்வோர் வீட்டிலிருந்து வந்தது. "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எங்க வீட்டு மேசையில ஒரு நாற்காலி கம்மி. விறகுப் பெட்டி மேல உக்காந்துதான் சாப்பிட்டு வளந்தேன். சும்மாவா, சின்ன பிர்கித்துக்குக் குடுத்தது ஆச்சே" என்றாள்.

தரையைப் பார்த்தேன். பழைய சாயம் மேசைக்கு அருகில் ஒரே இடத்தில்தான் தேய்ந்து மரம் தெரிகிறது. ஒரு நாற்காலி, ஒரு ஜோடிக் கால். மாடிப்படியில் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. மூன்று பிள்ளைகள் வருடக்கணக்கில் ஏறி இறங்கிய படி அப்படி இருக்காது. கட்டில்களை நகர்த்தினால் அடியிலும் சுற்றிலும் சாயம் புதிது மாதிரி இருக்கிறது. ஆகவே குன்வோரிடம், இந்த வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் வாழ்ந்திருக்கிறார், உங்கள் குடும்பம் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

அவள் என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவின் நிலைக்கால் முன்னால் நிறுத்தினாள். அங்கே ஒரு கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள், நான் அதுவரை அதன் பின்னால் ஈரம் தேங்குமா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். உள்ளே பென்சில் கோடுகள். பிள்ளைகளைக் கதவோரம் நிற்கவைத்துத் தலைக்கு மேல் போடும் கோடு. ரங்னா, க்னூத், பிர்கித் என்று பெயர். 1884 முதல் 1889 வரை வருடம். ஃப்ளாத்தனின் கையெழுத்து, சந்தேகமில்லை.

"இதுக்கு என்ன சொல்றீங்க? இல்லாத பிள்ளை வளருமா?"

வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

அவள் போனபிறகு கண்ணாடியைக் கழற்றி அளந்தேன். ஒருவருக்கு ஆறு கோடு, மொத்தம் பதினெட்டு. இடைவெளிகள் பதினைந்து. பதினைந்தும் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். அதாவது பழைய அளவில் சரியாக இரண்டு அங்குலம். ரங்னா வருடத்துக்கு இரண்டு அங்குலம், க்னூத் இரண்டு அங்குலம், சின்ன பிர்கித் இரண்டு அங்குலம். எந்தப் பிள்ளையும் இப்படி வளராது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அடித்துச் சொல்ல எனக்கு ஓர் உண்மையான பிள்ளையின் அளவு வேண்டும்.

தீரிலை நான் கடைசியாக அளந்தது ஜூன் 23, நூற்றுப் பதின்மூன்று சென்டிமீட்டர். சுகாதார நிலையத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இப்போது நூற்றுப் பதினாறரை இருக்க வேண்டும். சரிதானா என்று அளந்து எழுது.

உன் கேள்வி மேசைமேல்தான் இருக்கிறது.

உன்,
சிக்வே

*

ஃப்ளாத்தன் இல்லம்
பிப்ரவரி 17

அன்புள்ள தூருன்,

உன் கடிதம் நான்கு வரி. நான்கையும் பலமுறை படித்தேன். "நூத்திப் பதினெட்டு. இலையுதிர் காலம் பூரா ஒண்ணுமே வளரல, டிசம்பர்ல ஒரே மூச்சா வளந்துட்டா. ராத்திரி காலு வலிக்குதுன்னு அழுதா, நான்தான் தேய்ச்சு விட்டேன். உன் அட்டவணையில அது இருக்கா?"

இல்லை. ஒன்றரை சென்டிமீட்டர் பிழை. என் தொழிலில் இந்த அளவு பிழைக்கு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஃப்ளாத்தன் விஷயம் முடிந்தது. தேவாலயப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன்: மணமாகாதவர். 1911 பிப்ரவரியில் மரணம், மூன்று நாள் கழித்துத்தான் ஆள் பார்த்திருக்கிறார்கள். அதற்குப்பின் வீட்டுச் சாமான்களை எழுதிய பட்டியலும் கிடைத்தது. கட்டில் ஒன்று. நாற்காலி ஒன்று. தட்டு ஒன்று. மரக்கரண்டி ஐந்து, அதில் நான்கு உபயோகிக்காதவை.

அந்த ஐந்து கரண்டியை என்னால் எந்த அறிக்கையிலும் பொருத்த முடியவில்லை.

வீடு கட்டுவதற்கு முன் அவர் ஊர்சுற்றும் வாத்தியார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. வாத்தியார்தான் பண்ணை பண்ணையாகப் போய், ஓரிடத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் தங்கி, அந்த வீட்டுச் சமையலறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு, அடுத்த பண்ணைக்குப் பனியில் நடப்பார். பத்தொன்பது வருடம் அப்படி. பத்தொன்பது வருடமும் மற்றவர்களின் மேசையோரத்தில் உட்கார்ந்து, ரொட்டியை அம்மா எப்படிப் பிரிக்கிறாள், யார் சன்னலை உடைத்தார்கள், யார் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று பார்த்திருக்கிறார். சேர்த்து வைத்த பணத்தில் வீடு கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்தபோது அதையெல்லாம் கணக்காகப் போட்டார். நிலைக்காலில் ஏன் கோடு போட்டார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரமில்லாததை நான் எழுதுவதில்லை.

குன்வோரிடம் சொன்னேன். நல்ல நேரம் பார்த்துச் சொல்லத் தெரியாதவன் என்று உனக்குத் தெரியுமே. கடைக்குப் போக அவள் பேருந்தில் ஏறினேன், பிள்ளைகள் யாரும் இல்லை, பட்டியலைப் படித்துக் காட்டிவிட்டேன். அவள் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

"அப்போ எங்கப்பா யாருக்காக அந்தச் சன்னலை வெட்டினாரு?"

புத்தகத்துக்காக என்றேன். அது சரியான பதில். அவள் தலைக்கு மேலிருந்த ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"நீங்க யாருகிட்டயாச்சும் ஒரு விஷயத்தை அவங்களுக்கு வலிக்காம சொல்லியிருக்கீங்களா, இன்ஜினியரே?"

அறிக்கையில் இதை எழுதுவீர்களா என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன். கதவைத் திறந்துவிட்டாள். கடை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். நடந்து போனேன். பன்னிரண்டு நாளாக அவள் வரவில்லை. வாஃபிள் டப்பா என்னிடம்தான் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தபால் வண்டி வருகிறது. சத்தம் கேட்டால் போய்ப் பார்க்கிறேன். மற்றபடி இங்கே கேட்பது ஈரமானியின் சத்தம் மட்டும்தான். நேற்று அது சத்தம் போட்டபோது "என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை என்பதை நீ எழுதாமலே ஞாபகப்படுத்தியிருக்கிறாய். தெரிகிறது.

உன்,
சிக்வே

*

ஃப்ளாத்தன் இல்லம்
மார்ச் 8

அன்புள்ள தூருன்,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை, அதனால் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அறிக்கையை அனுப்பும் முன் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஊர்ச் சாவடி நிறைய ஆட்கள், காபி, மூன்று வகை கேக். வரைபடத்தோடு போயிருந்தேன். என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் எழுந்திருக்கும் முன் குன்வோர் எழுந்தாள். என் கையிலிருந்த தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தானே படித்தாள். கட்டில் ஒன்று. நாற்காலி ஒன்று. தட்டு ஒன்று. கரண்டி ஐந்து, அதில் நான்கு உபயோகிக்காதவை. நான் அதைப் பேருந்தில் ஈரத்தின் அளவைப் படிப்பதுபோலப் படித்திருந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறுத்தினாள். யாரும் கேக்கைத் தொடவில்லை.

பிறகு அவள் சொன்னாள்: "அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அந்த மனுஷன் வீட்ல நாம கூட்டம் சேத்து வச்சிருக்கோம். அவரு தனியா இருந்தாருன்னு ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு. அவங்கவங்க குடுத்ததை அவங்கவங்க எடுத்துக்கலாம். சனிக்கிழமை பத்து மணி."

நான்காவது சன்னலை மூடுவதா என்று யாரோ கேட்டார்கள். குளிர் உள்ளே வரும், மூடலாம் என்றேன். வாக்கெடுப்பு நடந்தது. மூட வேண்டாம் என்று முப்பத்தொன்று, மூடலாம் என்று ஒன்று.

நேற்று வந்தார்கள். மறுபடி டுக்னாட், இந்தமுறை தலைகீழ். தட்டுகள் போயின. கட்டில்கள் இறங்கின. ஒரு தட்டுக்கு இரண்டு குடும்பம் சண்டை போட்டது, பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் மூன்றாவது குடும்பத்தின் பெயர் இருந்தது. ஒரு கிழவர் சின்னக் கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு, இவ்வளவு வருடம் கழித்து இதில் யாரைப் படுக்க வைப்பது என்று மனைவியிடம் கேட்டார். உன் காலை மட்டும் வை என்றாள் அவள். மதியத்துக்குள் வீடு காலி. ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியைத் தரையில் சாயம் தேய்ந்த இடத்தில் நான் வைத்தேன். நான்கு காலும் அச்சாகப் பொருந்தின. நான் சொன்னது சரி என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

குன்வோர் கடைசியாக வந்தாள், தன் நாற்காலிக்கு. அறுபத்திரண்டு வயதில் உட்கார இடம் கிடைத்தது என்று சொல்லிச் சிரித்தாள். வாஃபிள் டப்பாவை எடுத்துவரப் பின்னறைக்குப் போனேன், அவளும் பின்னால் வந்துவிட்டாள். அங்கே அவள் பார்த்ததைத்தான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

என் அறையின் நிலைக்காலில் ஒரு பென்சில் கோடு. நூற்றுப் பதினாறரை சென்டிமீட்டர் உயரத்தில். ஜனவரியில் போட்டேன். பாதுகாக்கப்பட்ட மரத்தில் பென்சில் வைத்தால் மற்றவர்களுக்கு நான் அபராதம் எழுதுவேன். உன் கடிதம் வந்தபிறகு அதை அழித்துவிட்டு நூற்றுப் பதினெட்டில் இன்னொன்று போட்டேன். அழித்த தடம் இன்னும் தெரிகிறது.

யார் இது என்று கேட்டாள். மகள் என்றேன். இங்கே வந்திருக்கிறாளா என்றாள். இல்லை. அவள் கையில் நாற்காலியோடு திரும்பிச் சமையலறை நிலைக்காலைப் பார்த்தாள், மறுபடி இதைப் பார்த்தாள்.

"அவருக்காவது பிள்ளைங்க இல்ல" என்றாள்.

டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். முதல்முறையாக வலிக்காமல் சொல்வது எப்படி என்று அவளிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவளும் அப்படிச் சொல்கிற ஆளில்லை.

நேற்று அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். விதியை மீறி. மேசை பெரிது. மூன்றரை மணிக்கு வெயில் வந்தது, இந்தப் பக்கம், இந்த வருடத்தில் முதல்முறையாக. நான்காவது சன்னல் வழியாக மட்டும். மற்ற மூன்றும் விறகுக் கொட்டகையின் நிழலில் இருக்கின்றன. பதினொரு நிமிடம் தட்டின்மேல் இருந்தது. அந்தச் சன்னல் இல்லாமல் ஃப்ளாத்தன் முப்பது வருடம் இருந்திருக்கிறார்.

பதில் ஆமாம்.

நகராட்சிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உனக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். நீ பேசும்போது குறுக்கிட்டிருப்பேன், அதுதான் செய்யவில்லை. கதவு உரசினால் நான் சொல்லத்தான் செய்வேன், தூருன். அதை மாற்ற முடியும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். சொன்னபிறகு எங்கும் போகமாட்டேன், அது மட்டும்தான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை ரயில், சனிக்கிழமை காலை விமானம். பன்னிரண்டரைக்கு உங்கள் தெருவில் இருப்பேன். தீரிலுக்கு மறுபடி கால் வலித்தால் நீயே தேய்த்துவிடு, ஆனால் அதுவரை அவளை அளக்காதே. எவ்வளவு இருப்பாள் என்று நானும் கணக்குப் போடவில்லை.

உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. சனிக்கிழமை மதியம் வீட்டில் இரு.

உன்,
சிக்வே